எண்பத்தெட்டுப் பல்லுக்குத் தரகு

"முப்பத்தோரு வருஷமா இந்தக் கை மாடு மாத்துது. இது தடவிப் பாக்காத மாடு இந்த ஜில்லாவுல இல்ல. ஆனா ஒண்ணுமேலகூட இது ஆசைப்பட்டது கிடையாது. ஆசைப்பட்ட அன்னைக்கே தரகன் செத்தான்."

மாட்டுத் தரகர் சோலையப்பன் இந்தப் பிரகடனத்தைச் சென்ற தை மாதம், அரிமளத்து டீக்கடை ஒன்றில், ஏழு பேர் முன்னிலையில் வெளியிட்டார். எழுவரில் ஒருவர் உறக்கத்தில் இருந்தார். இன்னொருவர் டீக்கடைக்காரர், இதை ஆண்டுக்கு நாற்பது தடவை கேட்பவர். மீதி ஐவரும் தலையை ஆட்டினார்கள். ஆட்டித்தான் ஆகவேண்டும். அவர் சொன்னது அன்றைய தேதி வரைக்கும் சுத்தமான உண்மை.

ஐம்பத்து நான்கு வயதில் சோலையப்பனுக்குச் சொந்தமாக ஒரு கன்றுக்குட்டி கிடையாது. வீட்டுக்குப் பின்னால் ஆறு மாடு கட்டும் கொட்டகை உண்டு. சந்தைக்குப் போகிற மாடுகள் ஓர் இரவு தங்கி, வைக்கோல் தின்று, மறுநாள் யார் யாரோடோ போய்விடும். அவர் மனைவி செவந்தி முப்பது வருடமாகப் பாக்கெட் பால்தான் வாங்குகிறாள். தச்சன்குறிச்சி வாடிவாசலில் பத்துப் பேரைத் தூக்கியெறிந்த காளை ஒன்று ஒரு முறை இந்தக் கொட்டகையில் தங்கியபோது ஊரே வந்து பார்த்தது. சோலையப்பன் மட்டும் உள்ளே கட்டிலில் படுத்துக் குறட்டை விட்டார். அது விற்ற மாடு. விற்ற மாட்டை ஏறிட்டுப் பார்ப்பது தொழிலுக்கு ஆகாது என்பது அவர் கட்சி.

இன்னொரு கட்சியும் அவரிடம் உண்டு. வாங்குகிறவன் கேட்காத குறையைத் தரகன் சொல்லக்கூடாது. கேட்டாலும் முதல் தடவை காதில் விழக்கூடாது.

இப்படிப்பட்டவருக்குச் சித்திரை மாதத்தில் அறந்தாங்கிப் பக்கத்திலிருந்து ஒரு போன் வந்தது. பேசியது வைஷ்ணவி, சோலையப்பனின் பங்காளி மகள், அங்கே வாழ்க்கைப்பட்டவள்.

"சித்தப்பா, எங்க வீட்டுல ஒரு பெரிய சாமான் இருக்கு, விக்கணும். ஒங்கள விட்டா பெருசா எதையும் விக்கிற ஆளு எங்களுக்குத் தெரியாது."

சோலையப்பன் மாட்டுக்கு வயது கேட்கிற பழக்க தோஷத்தில், "எத்தனை பல்லு?" என்று கேட்டார்.

அந்தப் பக்கம் போனைக் கீழே வைக்கிற சத்தம் கேட்டது. யாரோ எண்ணப் போயிருக்கிறார்கள் என்று தெரிந்தது. திரும்பி வந்து, "எம்பத்தெட்டு, சித்தப்பா" என்றாள் வைஷ்ணவி.

சோலையப்பன் அடுத்த பஸ்ஸில் ஏறிவிட்டார்.

சாமான் வந்து சேர்ந்த கதை இது. வைஷ்ணவியின் கணவன் வசந்தகுமார் மஸ்கட்டில் ஒரு பெரிய ஹோட்டலில் பத்தொன்பது வருடம் வேலை பார்த்தவன். விருந்து மண்டபத்துக்குப் பொறுப்பு. நாற்காலி போடுவான், நாற்காலி எடுப்பான், நடுவில் ஒரு பியானோவைத் துடைப்பான். ஒன்பதடி நீளம், ஐந்தடி அகலம், ஐந்நூறு கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு. கச்சேரி மேடைக்கென்றே செய்த சாதி. ஒரு விருந்துக்கு வாசலுக்குத் தள்ள வேண்டும், மறு விருந்துக்கு மேடைக்குத் தள்ள வேண்டும். பத்தொன்பது வருடத்தில் அதன் ஒரு கட்டையைக்கூட அவன் அமுக்கியதில்லை. ஊழியர்கள் அமுக்கக்கூடாது என்று சட்டம்.

ஒரு நாள் ஹோட்டல் நொடித்துப்போனது. முதலாளியிடம் கையில் காசில்லை. ஆனால் யாரையும் வெறுங்கையோடு அனுப்பமாட்டேன் என்று ஒற்றைக்காலில் நின்றார். ஒருவன் முப்பது கம்பளத்தோடு போனான். ஒரு மலையாளி கூரையில் தொங்கிய கண்ணாடி விளக்கைக் கழற்றிக்கொண்டு போனான். எல்லோரிலும் மூத்தவன் வசந்தகுமார் என்பதால் எல்லாவற்றிலும் விலை கூடியது அவனுக்கு என்று முடிவானது. புதிதாக வாங்கினால் கோடிக்கு மேலே என்றார் மேலாளர். பத்தில் ஒரு பங்கு கிடைத்தாலே பத்து லட்சம் என்று வசந்தகுமார் கணக்குப் போட்டான். தூத்துக்குடித் துறைமுகத்தில் சுங்கத்துக்கு வைஷ்ணவியின் ஆறு பவுன் சங்கிலி போய், பியானோ வந்தது.

வந்து ஐந்து மாதமாக அது கூடத்தில் நிற்கிறது. வீட்டில் மீதியிருக்கிற இடத்தில் குடும்பம் நடக்கிறது. டிவி பார்க்க வேண்டுமென்றால் அதன் அடியில் படுத்துத்தான் பார்க்கலாம். ஒன்பது வயது மகள் இளமதி வீட்டுப்பாடத்தை அங்கேதான் எழுதுகிறாள். பிறந்ததிலிருந்து அப்பாவோடு அவள் சேர்ந்திருந்த நாட்களைக் கூட்டினால் ஒரு வருடம் வராது. அதனால் அவனிடம், "சாப்புட்டீங்களா? வெயிலா இருந்துச்சா?" என்று விருந்தாளியிடம் கேட்பது போலத்தான் இன்னும் பேசுகிறாள்.

"மூணு லட்சம் வந்தாப் போதும், மாமா" என்றான் வசந்தகுமார். "ஒரு பழைய குட்டியானை வண்டி பேசி வச்சிருக்கேன். மீன் லோடு அடிச்சு இங்கிட்டே பொழச்சுக்குவேன். வரலைன்னா சலாலாவுல டிரைவர் விசா வந்திருக்கு. ஜூலை நாலு, திருச்சில பிளைட்டு."

விஷயம் இவ்வளவுதான். பியானோ போனால் ஆள் இருப்பான். பியானோ இருந்தால் ஆள் போவான்.

சோலையப்பன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சோதனையில் இறங்கினார். மூன்று சுற்றுச் சுற்றினார். மூன்றே கால்கள்; பரவாயில்லை, இரண்டு சமமாக ஊன்றுகிறது, ஒன்று மட்டும் லேசான நொண்டி. மூடியைத் தூக்கிப் பல்லைப் பார்த்தார். முன்பு வைஷ்ணவி எண்ணியது சரியா என்று தானும் ஒரு முறை எண்ணினார். நிமிர்ந்தபோது அவர் முகம் வாடியிருந்தது.

"அம்பத்திரண்டு நல்ல பல்லு. முப்பத்தாறு சொத்தை."

"கறுப்பு அப்பிடித்தான் இருக்கும் மாமா. அதுவும் வேலை செய்யும்."

சோலையப்பன் மறுபடி குனிந்தார். ரெண்டு சொத்தை, மூணு சொத்தை, ரெண்டு சொத்தை, மூணு சொத்தை. இவ்வளவு ஒழுங்காகச் சொத்தை விழுந்த வாயை அவர் முப்பத்தோரு வருடத்தில் கண்டதில்லை. இதில் ஏதோ உயர்ந்த சாதித்தனம் இருக்கிறது என்று அப்போதே அவருக்குப் பட்டது. நெற்றியில் பொன்னெழுத்தில் கம்பெனியின் பெயர் இருந்தது. பாதி எழுத்துகள் உதிர்ந்துவிட்டதால் குலம் கோத்திரம் தெரியவில்லை. சந்தையில் இது பெரிய குறையில்லை. குலம் கோத்திரம் தரகன் சொல்வதுதான்.

ஆனால் விலை சொல்ல அவருக்கு நா எழவில்லை. ஆகவே வசந்தகுமார், ஹோட்டல்களுக்குப் பியானோ சுருதி சேர்க்கும் கோபிநாத் என்ற சென்னைக்காரரைப் போனில் பிடித்தான். அவர் கொடைக்கானலுக்கு வேலையாகப் போகிறவர், வழியைச் சுற்றிக்கொண்டு வந்து இறங்கினார். ஒல்லியான, கண்ணாடி போட்ட மனிதர். பியானோவைப் பார்த்ததும் செருப்பைக் கழற்றினார். வீட்டுக்குள் வரும்போது கழற்ற மறந்தவர், பியானோவுக்குக் கழற்றினார் என்பதைச் சோலையப்பன் கவனித்துக்கொண்டார்.

கோபிநாத் ஒன்றரை நாள் அதன் வயிற்றுக்குள் தலையை விட்டுக்கொண்டிருந்தார். இருநூற்றுச் சொச்சம் கம்பிகளையும் ஒவ்வொன்றாக முறுக்கினார். சோலையப்பன் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து சந்தேகம் கேட்டார். பழசுக்கு என்ன மரியாதை என்பது அவருடைய முதல் சந்தேகம்.

கோபிநாத் பொறுமையாக விளக்கினார். புதுப் பியானோ விறைப்பாக இருக்கும். சொன்ன பேச்சுக் கேட்காது. நாலு கை பட்டு, பத்து வருடம் மேடை பார்த்த பிறகுதான் மரம் முற்றிக் குரல் திறக்கும். பெரிய அரங்குக்காரர்கள் பெருமைக்காகப் பத்துப் பதினைந்து வருடத்துக்கு ஒரு தரம் மாற்றிவிடுவார்கள். நன்றாக வாசிக்கிறவன் காத்திருந்து அந்தப் பழசைத்தான் பிடிப்பான். பாதி விலைக்குக் கீழே, முழுக் குரல். பார்க்க வேண்டியது மூன்று: உள்ளே இருக்கிற பலகை வெடித்திருக்கிறதா, கம்பி சுற்றிய ஆணிகள் பிடிமானமாக இருக்கின்றனவா, சுத்தியல் மேலிருக்கும் கம்பளி தேய்ந்திருக்கிறதா. இதில் பலகை தப்பித்தது. ஆணியில் எட்டுத் தளர்ச்சி. கம்பளி இன்னும் பத்து வருடம் தாங்கும்.

சோலையப்பனுக்கு நொடியில் விளங்கிவிட்டது. "அதாவது நாலு வாடி பாத்த மாடு."

"என்ன சொல்றீங்க?"

"ஜல்லிக்கட்டு மாடுங்க. வாடிவாசலப் பாக்காத கன்னுக்குட்டிய எவன் வாங்குவான்? அவுத்து விட்டு, நின்னு வெளையாடி, புடிபடாம வந்த மாட்டுக்குத்தான் வெலை. ஒவ்வொரு வாடிக்கும் ரூவா ஏறும்."

கோபிநாத் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, இருபத்தாறு வருடத் தொழிலில் இவ்வளவு சரியாக யாரும் புரிந்துகொண்டதில்லை என்றார். இதன் நியாயமான விலை ஏழெட்டு லட்சம் இருக்கும். ஆனால் நூறு கிலோமீட்டருக்குள் வாங்க ஆளில்லை என்றும் சொன்னார். விசாரித்துப் பார்க்கலாம், மாதங்கள் ஆகும். அதுவரைக்கும் ரொம்பக் காயவிடக் கூடாது, அடியில் ஒரு பாத்திரத்தில் தண்ணீர் வைத்தால் நல்லது. பிறகு உட்கார்ந்து வாசித்தார்.

என்ன வாசித்தார் என்பது அங்கிருந்த யாருக்கும் தெரியாது. வசந்தகுமார் சுவரோடு சாய்ந்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். பத்தொன்பது வருடம் துடைத்த சாமான் தன் வீட்டுக்குள் நின்று பேசுவதைக் கேட்பது அவனுக்குச் சங்கடமாக இருந்திருக்க வேண்டும். இளமதி வீட்டுப்பாடத்தோடு அடியிலிருந்து வெளியே தவழ்ந்து வந்தாள். சோலையப்பன் மாத்திரம் தொழில் முறைப்படி எழுந்து போய், மாட்டின் விலாவில் வைப்பது போலப் பியானோவின் பக்கவாட்டில் உள்ளங்கையை வைத்தார். மூச்சு எப்படி ஓடுகிறது என்று பார்க்க அதுதான் வழி. நோயுள்ள மாட்டை அந்த ஓட்டம் காட்டிக்கொடுத்துவிடும்.

ஓடியது. கட்டை விரலில் புகுந்து முழங்கை வரைக்கும் ஏறியது. இடது கோடிப் பல்லைக் கோபிநாத் அமுக்கியபோது, மழைக்கு முந்தைய இடி அரிமளத்துத் தைலமரக் காட்டுக்குள் உருளுவது போல உள்ளுக்குள் ஒன்று உருண்டு உருண்டு அடங்கியது. அடங்கி வெகுநேரம் ஆகியும் சோலையப்பன் கையை எடுக்கவில்லை. நோய் எதுவும் தென்படாததால் இன்னும் கொஞ்சம் சோதிப்பது அவசியம் என்று கருதினார்.

அதற்குப் பிறகு அவர் அறந்தாங்கி போகாத நாளில்லை.

ஆட்களும் வந்தார்கள். முதலில் கல்யாண மண்டபம் வைத்திருக்கும் ரகுநாத். மாப்பிள்ளையும் பெண்ணும் இதில் சாய்ந்து நின்றால் போட்டோ நன்றாக வரும் என்பது அவர் யோசனை. வெள்ளைப் பெயிண்ட் அடித்து, கால் மூன்றிலும் சீரியல் பல்பு சுற்றினால் எண்பதாயிரம் வரை போகலாம் என்றார். சோலையப்பன் எண்பதைச் சீக்கிரமே ஒன்றரை லட்சம் ஆக்கியிருக்க முடியும். அவர் வாயிலிருந்து வந்ததோ வேறு. பெயிண்ட் அடித்தால் மரம் மூச்சு விடாது என்றார். ரகுநாத் அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, பிளாஸ்டிக் அன்னப்பறவையே வாங்கிக்கொள்கிறேன் என்று போய்விட்டார்.

அடுத்து வந்தவர் அழகுமலை. அவரும் தரகர், சந்தையில் சோலையப்பனுக்கு எதிர்வரிசை. யாருக்கோ பார்க்க வந்ததாகச் சொல்லிக்கொண்டு பியானோவை அங்குலம் அங்குலமாகத் தடவினார். இடது பக்க மரத்தில் ஒரு வளையம் இருந்தது. மரம் வளரும்போது விழுந்த கணு. அதில் விரலை வைத்து, "பாடைச் சுழி" என்றார். இந்தச் சுழியுள்ள மாடு வீட்டுக்கு வந்தால் ஆறே மாதத்தில் எசமானுக்குப் பாடை கட்ட வேண்டும் என்பது சந்தையின் சாத்திரம். வழக்கமாக இந்தக் குற்றச்சாட்டைச் சோலையப்பன் ஒரு சிரிப்பில் தட்டிவிடுவார். அன்றைக்குச் சண்டைக்குப் போனார். அது ராஜசுழி, கண்ணிருந்தால் பார், வலம் சுற்றுகிறதா இடம் சுற்றுகிறதா என்று கத்தியதில் பக்கத்து வீட்டுக்காரர்கள் வந்து இருவரையும் விலக்கினார்கள். போகிற போக்கில் அழகுமலை, "என்னப்பா, ஒன் மகளச் சொன்ன மாதிரி வருது ஒனக்கு?" என்று ஒரு வார்த்தை போட்டுவிட்டுப் போனார்.

ஜூன் கடைசியில் வந்தவர்தான் நிஜமான ஆள். ஜெகதாப்பட்டினம் வீரய்யா. நாலு விசைப்படகு, ஒரு ஐஸ் கம்பெனி. நாலில் ஒரு படகு தை மாதத்திலிருந்து அக்கரையில் பிடிபட்டு நின்றது. அந்தக் கவலையை மறக்கப் புது வீடு கட்டி, மாடியில் கடலைப் பார்த்த மாதிரி ஒரு ஹால் போட்டிருந்தார். ஹாலுக்குத் தகுந்த பெரிய சாமான் ஒன்று தேவைப்பட்டது. பியானோவை ஒரே ஒரு பார்வை பார்த்தார்.

"எவ்வளவு?"

"மூணு" என்றான் வசந்தகுமார்.

"சரி. நாளைக்கு வண்டி அனுப்புறேன். மேல தட்டையாத்தான இருக்கு? ஆறடிக்கு மீன் தொட்டி ஒண்ணு வரும், அதை வச்சுக்கலாம்."

இவ்வளவு சுலபமாக முடிந்த வியாபாரத்தைச் சோலையப்பன் ஆயுளில் பார்த்ததில்லை. அவர் செய்ய வேண்டியது வாயை மூடிக்கொண்டிருப்பது ஒன்றுதான். மூடித்தான் இருந்தார். அது தானாகத் திறந்துகொண்டது.

"கடக் காத்து இதுக்கு ஆகாதுங்க. உள்ள இருநூறு கம்பி ஓடுது. உப்பு பட்டா ஒரு வருஷத்துல துரு."

வீரய்யா திரும்பிப் பார்த்தார்.

"ஒரு காலு நொண்டிங்க. ஆணி எட்டு லூசு. தொட்டியில தண்ணி தளும்பி ஒரு சொட்டு உள்ள எறங்குனாப் போதும், செத்துப்போகும்."

"மீனா?"

"பியானோங்க."

வீரய்யா துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "ஏம்ப்பா, நீ யாருக்குத் தரகு?" என்று நிதானமாகக் கேட்டார். விற்கிறவன் கொண்டுவந்த தரகனே இத்தனை குறை சொன்னால் சொல்லாத குறை எத்தனை இருக்குமோ என்று எண்ணியவராகக் காரில் ஏறிப் போனார்.

வசந்தகுமார் கொல்லைப்பக்கம் போய்விட்டான். வைஷ்ணவி சமையலறை வாசலில் நின்றிருந்தாள். கையில் கரண்டி.

"சித்தப்பா, நீங்க விக்க வந்தீங்களா, இதுக்கு மாப்பிள்ளை பாக்க வந்தீங்களா? மேல மீன் தொட்டி வச்சா ஒங்களுக்கென்ன, ஆட்டுக்கல்லு வச்சா ஒங்களுக்கென்ன?"

சோலையப்பன் பியானோவைப் பார்த்தார்.

"அதைப் பாக்காதீங்க, என்னையப் பாருங்க. இன்னும் ஆறு நாளு. நேத்துத்தான் இளமதி மொத மொத அவர 'வாங்க'ங்காம 'வாப்பா'ன்னு கூப்புட்டுச்சு. ஆறு நாள்ல மறுபடியும் அவரு போனுக்குள்ள போயிருவாரு."

அந்த வீட்டில் கொடுத்த காபியை அவர் அன்றைக்குக் குடிக்கவில்லை. பஸ்ஸில் வரும்போது கண்டக்டர் இரண்டு தடவை டிக்கெட் கேட்க வேண்டியிருந்தது. தரகன் வாயால் ஒரு குடும்பத்துக்கு வந்த மூன்று லட்சம் போயிற்று. முப்பத்தோரு வருடத்தில் இப்படி ஒரு கறை அவர் மேல் விழுந்ததில்லை. இதற்கு என்ன பரிகாரம் என்பது அரிமளம் வந்து சேர்வதற்குள் அவருக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்ததும் வருத்தமாக இருந்திருக்க வேண்டும். அவருக்கோ குஷியாக இருந்தது. இது அவரைக் கொஞ்சம் பயமுறுத்தியது.

அரிமளத்துக்கு மேற்கே அவருக்கு மூன்று ஏக்கர் புன்செய் உண்டு, தைலமரம் போட்டிருந்தார். வெட்டுக்கு இன்னும் ஒரு வருடம் இருந்தது. மறுநாள் காலையில் மரவியாபாரியைக் கூப்பிட்டு, நிற்கிற நிலையிலேயே கொடுத்தார். வியாபாரி மூன்றேகால் லட்சம் என்று ஆரம்பித்தார். இதைச் சோலையப்பன் நாலாக்குவார், தான் மூன்றே முக்காலில் நிறுத்த வேண்டும் என்று முந்தின இரவே தயார் செய்துகொண்டு வந்திருந்த மனிதர். "சரி" என்றார் சோலையப்பன். வியாபாரிக்கு அன்றைக்குச் சாப்பாடு இறங்கவில்லை. எங்கே ஏமாந்தோம் என்று சாயங்காலம் வரை மரங்களை எண்ணிக்கொண்டிருந்தார். செவந்தியிடம், ஒரு பெரிய பார்ட்டிக்கு அவசரமாகக் கைமாற்று என்று சொல்லப்பட்டது.

ஜூலை இரண்டாம் தேதி சோலையப்பன் அறந்தாங்கி வந்து இறங்கினார். திண்டுக்கல் பக்கம் ஒரு பார்ட்டி மாட்டியிருக்கிறது என்றார். நேரில் வரமாட்டார், சொன்னால் சொன்னதுதான், எல்லாம் என் பொறுப்பு.

பேரம் இல்லாமல் முடித்தால் சந்தேகம் வரும். ஆகவே முறைப்படி துண்டை எடுத்து வசந்தகுமாரின் கை மேல் போட்டு, அதற்கடியில் அவன் விரல்களைப் பிடித்தார். சந்தையில் விலை பேசுவது இப்படித்தான். சுற்றி நிற்கிறவனுக்குத் தொகை தெரியக்கூடாது. சுற்றி அன்றைக்கு வைஷ்ணவியும் இளமதியும்தான் நின்றார்கள். முதலில் இரண்டு விரலைப் பிடித்தார். வசந்தகுமார் மூன்றாவதை நீட்டினான். சோலையப்பன் அதை மடக்கினார். அவன் மறுபடி நீட்டினான். பழக்கம் பொல்லாதது; அவர் தன்னை மறந்து முக்கால் மணி நேரம் பார்ட்டிக்காக வாதாடி, இரண்டே முக்காலுக்குக் கொண்டுவந்துவிட்டார். வசந்தகுமாரின் விரல்கள் துண்டுக்கடியில் தளர்ந்தபோதுதான் தான் என்ன செய்துகொண்டிருக்கிறோம் என்பது உறைத்தது.

"பார்ட்டிகிட்ட ஒரு வார்த்தை கேட்டுர்றேன்" என்று எழுந்து வேப்பமரத்தடிக்குப் போனார்.

அங்கே அவர் வெகுநேரம் பேசினார். கெஞ்சினார். ஒரு கட்டத்தில், இது வெளிநாட்டு வாடியில் பத்தொன்பது வருஷம் நின்ன உருப்படி, பத்தொன்பது வருஷத்த நீங்க ரெண்டே முக்காலுக்குக் கேக்கலாமா என்று கோபப்பட்டார். கடைசியில் எதிர்த்தரப்பு இறங்கிவந்தது போலத் தெரிந்தது.

வைஷ்ணவி ஜன்னல் வழியாக அவரைப் பார்த்தாள். பிறகு பியானோவின் மேல், சார்ஜில் போட்டுக் கிடந்த அவருடைய போனைப் பார்த்தாள். மறுபடி வெளியே பார்த்தாள். அவர் காதில் வைத்துப் பேசிக்கொண்டிருந்தது மூக்குக்கண்ணாடிக் கூடு.

அடுப்படிக்குப் போய், அவருக்குப் போட்ட டீயில் இன்னொரு கரண்டி சர்க்கரை போட்டாள்.

மூன்று லட்சத்துப் பத்தாயிரத்துக்கு முடிந்தது. பணத்தை எண்ணி வைத்த பிறகு சோலையப்பன் சம்பிரதாயமாகத் தொண்டையைச் செருமினார். கேட்காவிட்டால் அதுவும் சந்தேகம். வசந்தகுமார் மகிழ்ச்சியோடு ஆறாயிரம் ரூபாய் தரகு எடுத்துக் கொடுத்தான். தன்னுடைய பணத்திலிருந்தே தனக்குத் தரகு வாங்கிய முதல் மனிதர் என்ற இடம் அறந்தாங்கி வட்டாரத்தில் இன்றளவும் அவருக்கே உரியது. ஜூலை நாலாம் தேதி திருச்சியிலிருந்து கிளம்பிய விமானத்தில் ஒரு இருக்கை காலியாகப் போனது. அதே நேரம் வசந்தகுமார் குட்டியானையில் ஐஸ் பெட்டி ஏற்றிக்கொண்டிருந்தான். பக்கத்து இருக்கையில் இளமதி உட்கார்ந்து, எப்போ கிளம்புறதுப்பா என்று நச்சரித்துக்கொண்டிருந்தாள்.

பியானோவின் மூன்று காலையும் கழற்றி, ஒருக்களித்துப் படுக்கவைத்து, வைக்கோல் மெத்தை போட்டு லாரியில் ஏற்றி, அரிமளம் கொண்டுவந்தார்கள். பார்ட்டியின் வண்டி வெள்ளிக்கிழமை வரும், அதுவரைக்கும் கொட்டகையில் நிற்கட்டும் என்றார் சோலையப்பன். நியாயம்தான். எத்தனையோ உருப்படிகள் அப்படி நின்று போன கொட்டகை.

வெள்ளிக்கிழமை வந்தது. வண்டி வரவில்லை. பார்ட்டி வீட்டில் ஒரு விசேஷம் என்றார். அடுத்த வெள்ளி பார்ட்டிக்குக் காய்ச்சல். ஆடி பிறந்ததும் ஆடியில் கயிறு மாற்றி உருப்படியைக் கொடுக்கக் கூடாது என்று காரணம் சுலபமாகிவிட்டது. ஆவணியில் பார்ட்டி வெளியூர். சந்தைக்குப் போகிற மாடுகளை இப்போது வாசலில் கட்டுகிறார்; உள்ளே கட்டினால் கொம்பு பட்டுக் கீறிவிடுமாம். டீக்கடையில் அழகுமலை, "அந்தப் பாடைச் சுழிய எப்ப அவுக்குறீங்க?" என்று கேட்டால், "அடுத்தவன் பொருளப் பத்தி நமக்கென்ன பேச்சு?" என்று சொல்லிவிட்டு டீயை ஊதுகிறார்.

தினம் சாயங்காலம் கொட்டகைக்குள் போவார். தார்ப்பாயை விலக்குவார். அடியில் வைத்த ஈயச்சட்டியில் தண்ணீர் மாற்றுவார்.

"தண்ணி காட்டியாச்சா?" என்பாள் செவந்தி.

"பார்ட்டி பொருளு. கேட்டா நான்தான் பதில் சொல்லணும்."

புரட்டாசி முதல் வாரத்தில் கோபிநாத் போன் செய்தார். அவர் அன்றைக்குச் சொன்னபடி விசாரித்திருக்கிறார், கொடைக்கானலில் ஒரு பள்ளிக்கூடம் கேட்கிறது, ஏழு லட்சம், லாரியும் அவர்களே அனுப்புகிறார்கள், தரகு தனி. வசந்தகுமாரைக் கேட்டால் உங்களிடம் கேட்கச் சொன்னார் என்றார். சோலையப்பன் கொட்டகையில் நின்றுகொண்டிருந்தார். பெருக்கிக்கொண்டிருந்த செவந்திக்கு ஏழு என்ற வார்த்தை கேட்டது. விளக்குமாறு நின்றது.

"பார்ட்டி குடுக்க மாட்டேங்குறாருங்க" என்றார் சோலையப்பன்.

நம்பர் கொடுங்கள், நான் பேசிப் பார்க்கிறேன் என்றார் கோபிநாத்.

"அவரு போன்ல பேசுற ஆளில்லங்க."

எட்டு வரைக்கும் சொல்லிப் பார்க்கலாம் என்றது போன்.

சோலையப்பன் போனைக் காதிலிருந்து சற்று விலக்கிப் பிடித்தார். இடது கை பியானோவின் விலாவில் இருந்தது.

"கேட்டுப் பாத்துட்டேங்க" என்றார், மிகவும் தாழ்ந்த குரலில். "முடியாதுன்னு தலைய ஆட்டுறாரு."

போனை மடியில் செருகிக்கொண்டார். செவந்தி விளக்குமாற்றோடு அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவர் அவள் பக்கம் திரும்பாமல், குனிந்து ஈயச்சட்டியை எடுத்து, அன்றைக்கு ஏற்கெனவே ஒரு தரம் மாற்றிய தண்ணீரைக் கொட்டிவிட்டுக் குழாயடிக்குப் போனார்.